கண் அயர்ந்தது யார்?

காவல் காப்பவன் உறங்கிவிட்டால் குற்றம் யாருடையது? உலகம் நெடுங்காலமாக இதற்கு ஒரே விடையைத்தான் சொல்லி வந்திருக்கிறது. உறங்கியவனுடைய குற்றம் என்பதே அந்த விடை. கேட்பதற்கு நேர்மையான விடைதான். ஆனால், எந்த மனிதனாலும் நெடுநேரம் விழித்திருக்க முடியாத ஓரிடத்தில், முடியாது என்று தெரிந்தே ஒருவனைக் காவலுக்கு நிறுத்தியவன் இருந்தால், அவனை என்ன செய்வது? இந்தக் கேள்வியை உலகம் அவ்வளவாகக் கேட்பதில்லை. விஞ்ஞானம் பயிலும் மாணவர்களாகிய நாமாவது கேட்க வேண்டும் என்ற எண்ணத்தால் இதை எழுதுகிறேன்.

2018-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இரவு பத்து மணி அளவில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்னும் நகரில் ஒரு விபத்து நேர்ந்தது. 49 வயதான பெண்மணி ஒருவர் தம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அகன்ற சாலை ஒன்றைக் கடந்துகொண்டிருந்தார். தானே ஓடும் கார்களைச் சோதித்து வந்த ஊபர் கம்பெனியின் கார் ஒன்று அவர்மீது மோதியது. அவர் இறந்துவிட்டார். இத்தகைய கார் மோதி வழிநடப்பவர் ஒருவர் உயிரிழந்தது அதுவே முதல் தடவை.

கார் தானே ஓடியது என்றாலும் அது ஆளில்லாத கார் அன்று. ஓட்டுநர் இருக்கையில் ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். அவருடைய வேலை காரை ஓட்டுவது அன்று. கார் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. இயந்திரம் எப்போதாவது தவறினால், அந்தக் கணத்திலேயே ஸ்டியரிங்கைப் பற்றிப் பிரேக்கை மிதிக்க வேண்டும். அன்று அவருடைய கைத்தொலைபேசியில் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்வை அடிக்கடி சாலையை விட்டுக் கீழே போயிற்று. மோதலுக்கு ஒரு விநாடிக்கு முன்புதான் அவர் தலை நிமிர்ந்தார்.

இவ்வளவுதான் கதை என்றால் நான் எழுத வேண்டியது ஒன்றும் இல்லை. கவனமில்லாத ஓட்டுநர், அதனால் ஒரு சாவு என்று முடித்துவிடலாம். ஆனால் அந்த நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆண்டு ஒன்றரைக்கும் மேலாக ஆராய்ந்து 2019 நவம்பரில் தன் முடிவை வெளியிட்டது. அதைப் படித்தால் கதை வேறாக இருக்கிறது.

காரின் ரேடார் அந்தப் பெண்மணியை 5.6 விநாடிகளுக்கு முன்பே கண்டுவிட்டது. கார் அப்போது மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது. நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த வேகத்தில் விநாடிக்குச் சற்றேறக் குறைய இருபது மீட்டர். ஆகவே இயந்திரம் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலேயே ஏதோ ஒன்று குறுக்கே இருப்பதை அறிந்திருந்தது. உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் உள்ள கார் அந்த வேகத்திலிருந்து நிற்க முப்பது மீட்டர் அளவு போதும். அறிந்தும் அது நிற்கவில்லை. ஏன்?

முதலில் அவரை வேறொரு வண்டி என்று எண்ணியது, பிறகு இன்னதென்று தெரியாத பொருள் என்றது, பிறகு சைக்கிள் என்றது, மறுபடியும் மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு தடவை பெயரை மாற்றியபோதும் அதுவரை அவர் நகர்ந்து வந்த வழியைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டது. ஆகவே அவர் எங்கே போகிறார் என்பது அதற்கு விளங்கவேயில்லை. வழிநடப்பவர்கள் கடக்கும் இடம் அல்லாத இடத்திலும் மனிதர் சாலையைக் கடப்பார்கள் என்ற எண்ணமே அந்தக் கணிப்பொறித் திட்டத்தில் இடம் பெறவில்லை. நம் நாட்டில் ஒரு நாள் தெருவில் நின்று பார்த்தவர் எவரும் விட்டிருக்க முடியாத செய்தி இது!

இன்னும் கேளுங்கள். ஆபத்து என்று இயந்திரம் முடிவு செய்தபோது மிஞ்சியிருந்தது 1.2 விநாடி. அதிலும் ஒரு விநாடி அது ஒன்றும் செய்யாமல் இருக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. வெற்று நிழலைக் கண்டும் கார் திடீர் திடீரென்று பிரேக் போட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. இடையிலுள்ள அந்த ஒரு விநாடியில் ஓட்டுநர் பார்த்துக்கொள்வார் என்பது கருத்து. ஆனால் அந்த ஓட்டுநருக்கு, ‘இதோ ஆபத்து, பார்’ என்று அந்த ஒரு விநாடியில் எந்த எச்சரிக்கையும் கொடுக்கப்படவில்லை. மோதலுக்கு 0.2 விநாடிக்கு முன்புதான் ஒலி எழுந்தது. கண்ணிமைக்கும் நேரம் என்போமே, அவ்வளவுதான்.

அந்தக் கார் வால்வோ கம்பெனி செய்தது. மோதல் வரப்போவதை உணர்ந்து தானே பிரேக் போடும் கருவி ஒன்று அதில் தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டிருந்தது. சோதனைக் கணிப்பொறி ஓட்டும்போது அந்தக் கருவியை ஊபர் நிறுத்தி வைத்திருந்தது. இரண்டு ஏற்பாடுகளும் ஒன்றோடொன்று குழம்பும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். விபத்துக்குப் பின் வால்வோ 20 விதமாகக் கணக்கிட்டுப் பார்த்தது. நிறுத்தப்பட்ட கருவி வேலை செய்திருந்தால் 17 விதங்களில் மோதலே நேர்ந்திராது. மற்ற மூன்றிலும் கார் மிகவும் வேகம் தணிந்து மோதியிருக்கும்.

ஆகவே, இயந்திரத்தின் ஒரு கண்ணை அணைத்தாயிற்று. மற்றொரு கண்ணை ஒரு விநாடி மூடச் சொல்லியாயிற்று. எல்லாவற்றையும் ஈடுசெய்ய ஒரே ஒரு பெண்ணின் இரண்டு கண்களை நம்பியாயிற்று.

அந்தக் கண்களுக்காவது துணை வைத்தார்களா? முன்பு ஒவ்வொரு சோதனைக் காரிலும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சாலையைப் பார்ப்பார். மற்றவர் கணிப்பொறியைப் பார்ப்பார். 2017-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒருவரை எடுத்துவிட்டார்கள். காருக்குள் ஓட்டுநரை நோக்கி ஒரு காமிரா இருந்தது. அதில் பதிந்த காட்சிகளைப் பார்த்திருந்தால், சாலையைப் பாராமல் இருப்பவர் யார் என்று தெரிந்திருக்கும். அவற்றை மேலதிகாரிகள் அரிதாகவே எடுத்துப் பார்த்தார்கள் என்று வாரியம் கூறுகிறது. காவற்காரரைக் கவனிக்க வேண்டியவர்களின் கவனமும் எங்கோ இருந்திருக்கிறது!

இனிப் பழி எப்படி நடந்து சென்றது என்று பார்ப்போம். முதலில் அது இறந்தவர்மீது விழுந்தது. விபத்து நடந்த மறுநாளே, அவர் இருளிலிருந்து திடீரென்று வந்தார், எந்த ஓட்டுநரும் தவிர்த்திருப்பது கடினம் என்ற பொருளில் அந்நகரப் போலீஸ் தலைவர் பேசினார். சில மாதங்களில் அதே போலீஸ் துறை, ஓட்டுநர் சாலையைப் பார்த்திருந்தால் விபத்தை முழுவதும் தவிர்த்திருக்கலாம் என்று அறிக்கை தந்தது. பழி இறந்தவரை விட்டு ஓட்டுநர்மீது ஏறியது. 2019 மார்ச்சில், கம்பெனிமீது குற்ற வழக்குத் தொடர ஆதாரமில்லை என்று அரசு வழக்கறிஞர் கைவிட்டார். 2020-இல் அந்த அம்மையார்மீது மட்டும், கவனக்குறைவால் உயிர்க்கொலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. 2023 ஜூலையில் அவர் அதைவிடச் சிறிய குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டுகள் மேற்பார்வையில் வாழும் தண்டனை பெற்றார். கம்பெனி இறந்தவரின் குடும்பத்தோடு சில நாள்களிலேயே சமரசம் செய்துகொண்டது. 2020 டிசம்பரில் அந்தக் கார்ப் பிரிவையே வேறொரு கம்பெனிக்குக் கைமாற்றியது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர் ஒருவரே.

‘இதில் என்ன அநியாயம்? சாலையைப் பார்ப்பது ஒன்றுதான் அவர் வேலை. அதற்குத்தான் கூலி. அந்த ஒன்றையும் செய்யாதவருக்கு வக்காலத்து எதற்கு?’ என்று சிலர் கேட்பர். வலுவான கேள்வி இது, தள்ளிவிடக் கூடாது. அந்த அம்மையாருக்குப் பங்கு இல்லை என்று நான் கூறவில்லை. வாரியமும் கூறவில்லை; விபத்தின் உடனடிக் காரணம் அவருடைய கவனக்குறைவே என்றுதான் எழுதியது. ஆனால் அத்தோடு நிற்கவில்லை. கம்பெனி ஆபத்தை முன்கூட்டி எடைபோடாததையும், ஓட்டுநர்களை மேற்பார்க்காததையும், இயந்திரத்தை நம்பி மனம் தளர்ந்துவிடும் இயல்புக்கு மாற்று வழி செய்யாததையும், மாநில அரசாங்கம் போதிய கண்காணிப்பு இன்றி விட்டதையும், அந்தப் பெண்மணி கடக்கும் இடம் அல்லாத இடத்தில் கடந்ததையும் வரிசையாகச் சொன்னது. காரணங்கள் பல என்று அறிவு சொன்னது. குற்றவாளி ஒருவர் என்று சட்டம் சொன்னது. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவுதான் என்னை வருத்துகிறது.

‘பார்த்துக்கொண்டிரு’ என்பது எளிய வேலை போலத் தோன்றுகிறது. விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, விமானங்களில் ரேடார் திரையைப் பார்த்துப் பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடியவர்கள், நேரம் செல்லச் செல்லத் திரையில் தெரிந்ததைக் கூடத் தவறவிட்டார்கள். காரணம் அறிய நார்மன் மாக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலறிஞர் ஒரு சோதனை செய்து 1948-இல் வெளியிட்டார். கடிகாரம் போன்ற ஒரு கருவியில் முள் ஒவ்வொரு படியாக நகரும். எப்போதாவது ஒருமுறை இரண்டு படி தாவும். தாவும்போது பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவே வேலை. இரண்டு மணி நேரம் பார்க்கச் சொன்னார். முதல் அரை மணி நேரத்திற்குள்ளேயே பலர் தாவல்களைத் தவறவிடத் தொடங்கினார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். உயிர் காக்கும் வேலைக்குப் பயின்றவர்கள். மனித மனத்தின் அமைப்பே அது.

1983-இல் லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற அறிஞர் இதை இன்னும் கூர்மையாகச் சொன்னார். இயந்திரம் எவ்வளவுக்கெவ்வளவு திறமையாக வேலை செய்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அதைக் காப்பவனுக்கு வேலை குறைகிறது; வேலை குறையக் குறைய விழிப்பும் பழக்கமும் குறைகின்றன; ஆனால் அவனை அழைக்கும் தருணமோ மிகக் கடினமான தருணம். அடிக்கடி தவறும் இயந்திரத்தின் அருகே மனிதன் விழித்திருப்பான். ஆயிரத்தில் ஒருமுறை தவறும் இயந்திரத்தின் அருகேதான் அவன் மனம் அலையும்.

இது மோட்டார் உலகத்துக்குத் தெரியாத பழைய ஏட்டுச் செய்தி என்று கூறவும் வழியில்லை. கூகிள் கம்பெனி 2013-இல் தன் ஊழியர்களிடமே இத்தகைய கார்களைக் கொடுத்துப் பார்த்தது. சாலையைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தது. காமிராவில் என்ன தெரிந்தது? ஒருவர் முகத்துக்கு ஒப்பனை செய்துகொண்டிருந்தார். ஒருவர் ஓடும் காரில் உறங்கியே போனார். இடையில் மனிதனிடம் ஒப்படைக்கும் முறையே வேண்டாம் என்று கூகிள் கைவிட்டது. இந்தச் செய்தி 2017-ஆம் ஆண்டின் இறுதியில் பத்திரிகைகளில் வந்தது. டெம்பி விபத்துக்குச் சில மாதங்கள் முன்பு! ஏறத்தாழ அதே காலத்தில்தான் ஊபர் தன் கார்களிலிருந்து இரண்டாவது ஆளை எடுத்தது.

தெரிந்த ஆபத்தில் ஒருவரைத் தனியே உட்கார வைத்து, அந்த ஆபத்து நிகழ்ந்ததும், ‘நீ ஏன் கவனிக்கவில்லை?’ என்று கேட்பது எந்த நீதி? மாடலின் கிளேர் எலிஷ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதற்கு ஓர் உவமை சொன்னார். மோதும்போது தான் நசுங்கி உள்ளிருப்பவரைக் காக்கும்படி காரின் முன்பகுதியை அமைக்கிறார்கள் அல்லவா? அதுபோல, இயந்திரம் தவறும்போது பழியைத் தான் தாங்கி நசுங்கும்படி ஒரு மனிதரை வைத்திருக்கிறார்கள். காரில் நசுங்கும் பகுதி மனிதனைக் காக்கிறது. இங்கே நசுங்கும் மனிதர் இயந்திரத்தின் நற்பெயரைக் காக்கிறார்.

‘அப்படியானால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை என்றாகிவிடுமே’ என்று அஞ்ச வேண்டியதில்லை. பொறுப்பைப் பங்கிட முடியும். 2019-இல் அமெரிக்காவின் புளோரிடாவில், டெஸ்லா கார் ஒன்றை அதன் தானியங்கி உதவியோடு ஓட்டியவர், கீழே விழுந்த தொலைபேசியைக் குனிந்து எடுக்கும்போது ஓர் உயிர் போயிற்று. 2025 ஆகஸ்டில் அந்த வழக்கைக் கேட்ட ஜூரிகள் ஓட்டியவரையும் விடவில்லை, கம்பெனியையும் விடவில்லை. பொறுப்பில் 33 சதவிகிதம் கம்பெனியுடையது என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிரிட்டன் 2024-இல் இயற்றிய சட்டம், கார் தானே ஓடும் நேரத்தில் அது ஓடும் விதத்துக்கு உள்ளே இருப்பவரைக் குற்றவாளியாக்குவதில்லை. அந்த ஏற்பாட்டுக்கு அனுமதி பெற்ற நிறுவனத்தையே பொறுப்பாக்குகிறது.

வழி தெரியாமல் நேர்ந்த தவறும் அன்று இது. 2018 டிசம்பரில் ஊபர் மீண்டும் சோதனையைத் தொடங்கியபோது காருக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஓட்டுநரின் பார்வை விலகினால் உடனே காட்டும் கருவி இருந்தது. வால்வோவின் பிரேக் கருவியும் வேலை செய்தது. சாவுக்குப் பின் செய்ய முடிந்ததைச் சாவுக்கு முன் செய்திருக்க முடியாதா?

நம் நாட்டு ரயிலை எண்ணிப் பாருங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம், இரண்டு இரவுகள் படுக்கையில் நிம்மதியாக உறங்குகிறோம். முன்னால் எஞ்சினில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநருமாக இருவர் விழித்திருக்கிறார்கள். ஒருவர் சிக்னலைச் சொல்ல மற்றவர் திரும்பச் சொல்கிறார். அதுவும் போதாது என்று எஞ்சின்களில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் ஒரு நிமிட நேரம் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு எரியும், ஒலி எழும், அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானே விழுந்து வண்டி நிற்கும். ரயில்வேயில் குறைகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. விபத்துகள் நடக்கத்தான் நடக்கின்றன. ஆனால் அந்தக் கருவியின் பின்னே ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது. மனிதன் கண் அயர்வான் என்பதை முன்னமே ஒப்புக்கொண்டு, அயர்ந்தாலும் உயிர் போகாதிருக்க வழி தேடும் எண்ணம் அது.

தானே ஓடும் கார்களுக்கு நான் பகைவன் அல்லன். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று அரசாங்கக் கணக்கு சொல்கிறது. இதைக் குறைக்கும் எந்த இயந்திரத்தையும் வரவேற்க வேண்டும். வேலை வாய்ப்பைக் கருதி இத்தகைய கார்களை இந்தியாவில் அனுமதிக்கப் போவதில்லை என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-இலும் 2023-இலும் கூறியிருக்கிறார். ஆனால் ஆராய்ச்சி நிற்கவில்லை. ஐதராபாத் ஐ.ஐ.டி.யில் தானியங்கி வண்டிகளுக்கென்றே ஒரு சோதனைத் தளம் 2022-இல் திறக்கப்பட்டது. தானே பிரேக் போட்டு, தானே தடம் பிடிக்கும் கார்கள் நம் நகரங்களிலும் விற்பனையாகின்றன. அவற்றை வாங்கும் ஒவ்வொருவரும், தாம் அறியாமலே ஒரு மேற்பார்வை ஓட்டுநர் ஆகிவிடுகிறார்.

நண்பர்களே, இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறும் நம்மில் சிலர் அத்தகைய கருவிகளை அமைக்கப் போகிறோம்; சிலர் அவற்றைச் சோதிக்கும் திட்டங்களில் கையெழுத்திடப் போகிறோம்; சிலர் அந்த இருக்கையில் கூலிக்கு உட்காரவும் கூடும். கார் மட்டும் அன்று; மருத்துவமனைத் திரை, மின்நிலையத் திரை, தொழிற்சாலைத் திரை என்று, ‘இயந்திரம் பார்த்துக்கொள்ளும், நீ இயந்திரத்தைப் பார்த்துக்கொள்’ என்ற வேலைகள் பெருகி வருகின்றன. இரவில் ஆய்வுக்கூடத்தில் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும் கருவியின் முன் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வேலையின் இயல்பைச் சொல்ல வேண்டியதில்லை.

கையெழுத்திடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்க நாம் பழக வேண்டும். காவல் இருப்பவரை அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை மாற்ற ஆள் உண்டா? அவர் கவனம் சிதறினால் அவருக்கு அக்கணமே தெரிவிக்கும் ஏற்பாடு உண்டா? அவரும் தவறிவிட்டால் இயந்திரம் தானே நிற்குமா? மூன்றுக்கும் இல்லை என்பது விடையானால், அந்தத் திட்டத்தில் பாதுகாப்புக்காக வைத்த மனிதர் பாதுகாப்பாக மாட்டார். பழி தாங்கியே ஆவார். அந்தத் தாளில் கையெழுத்திட மறுப்பது நம் கடமை. மறுக்காமல் கையெழுத்திட்டவர்களும், பின்னாளில் விபத்து நேர்ந்தால், கூண்டில் அந்த ஓட்டுநரின் பக்கத்தில் நிற்க வேண்டியவர்களே. சட்டம் அவர்களை இன்னும் அழைக்கவில்லை. அழைக்க வேண்டும்.